கண்ணாடி வீடுகளும் கைரேகைப் புத்தகமும்

இந்தப் பகுதியில் நாம் எதை எழுதினாலும் "நான்" என்று எழுதுவதில்லை. "நாம்" என்றே எழுதி வருகிறோம். பத்திரிகைக்காரர்களுக்கு இது ஒரு பழைய வழக்கம். எழுதுகிறவர் என்னவோ ஒருவர்தான். ஆனால் நேயர்களையும் கூடவே கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போவதற்கு இந்தச் சொல் மிகவும் சௌகரியமாயிருக்கிறது. "நாம் நம்புகிறோம்" என்று எழுதிவிட்டால், நம்பாத நேயர்கள்கூட ஒரு நிமிஷம் தயங்கிப் பார்ப்பார்கள் அல்லவா?

இவ்வளவு சாதுவான சொல்லையே தலைப்பாக வைத்து ருஷ்ய தேசத்தில் ஒருவர் ஒரு பயங்கரமான நாவல் எழுதினார். "நாம்" என்பதே அந்த நாவலின் பெயர். எழுதியவர் யெவ்கேனி ஸமியாதின். தொழிலில் அவர் கப்பல் கட்டும் எஞ்சினியர். ஜார் சக்கரவர்த்தியின் ஆட்சியிலே சிறை சென்றவர். அந்த ஆட்சி ஒழிந்து போல்ஷ்விக் ஆட்சி வந்த பிறகும் சிறை சென்றவர். ஆட்சி மாறினாலும் சிறைக் கதவின் பூட்டு மாறுவதில்லை என்பது அவருக்கு அநுபவ பாடம்.

அவர் கற்பனை செய்த ராஜ்யத்தில் வீட்டுச் சுவர்கள் எல்லாம் கண்ணாடியால் ஆனவை. யார் எழுந்தார், யார் படுத்தார், யார் யாருடன் பேசினார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஓர் எழுத்தும் சில இலக்கங்களுந்தான். கதாநாயகனே டி-503 என்பவன். எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. எழுந்திருப்பதற்கும் நடப்பதற்கும் படுப்பதற்கும் அட்டவணை உண்டு. வாயில் போட்ட கவளத்தை எத்தனை தடவை மெல்ல வேண்டும் என்பதற்குக்கூடக் கணக்கு இருக்கிறது. ஜன்னல் திரையைச் சற்று நேரம் இறக்கிவிட்டுக் கொள்ள வேண்டுமானால் அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவனுக்கு "நான்" என்ற நினைவு தலைகாட்டினால் என்ன ஆகும்? அவன் வைத்தியரிடம் போகிறான். உனக்கு ஆத்மா உண்டாகியிருக்கிறது என்று வைத்தியர் வருத்தத்துடன் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லுகிறார்! கடைசியில் கற்பனைச் சக்தியை மூளையிலிருந்து அகற்றும் சிகிச்சை நடக்கிறது. டி-503 சுகப்பட்டு விடுகிறான். தான் காதலித்தவள் சித்திரவதைப்படுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கிறான். கதை முடிகிறது.

இந்த நாவல் 1924-ல் இங்கிலீஷில் வெளியாயிற்று. அதன் தாய்மொழியிலே, சொந்த தேசத்தில் அச்சாவதற்கு 1988 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஆசிரியர் தேசத்தை விட்டு வெளியேறி 1937-ல் பாரிஸில் காலமாகிவிட்டார். அவர் இதை எழுதத் தொடங்கிய வருஷம் 1920. அந்த வருஷத்தை நேயர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம்.

வருங்காலம் என்னும் வேஷம்

ஸமியாதினுக்குப் பிறகு இத்தகைய நாவல்கள் பல வந்தன. 1932-ல் ஆல்டஸ் ஹக்ஸ்லி ஒரு புதிய உலகத்தைப் படைத்தார். அங்கே மனிதர்கள் தாயின் வயிற்றில் பிறப்பதில்லை. கண்ணாடிக் குடுவையில் உருவாகிறார்கள். எந்தக் குடுவை எந்த வேலைக்கு என்று பிறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. மனத்திலே கிலேசம் வந்தால் விழுங்குவதற்கு ஒரு மருந்தும் சர்க்கார் செலவிலே கிடைக்கிறது. அதற்கு அவர் நம்முடைய வேதத்திலிருந்தே பெயரை எடுத்து "சோமா" என்று வைத்தார்.

1949-ல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு" உலகப் பிரசித்தியடைந்தது. சுவரெங்கும் தலைவரின் படம். வீட்டுக்குள்ளேயே நம்மைப் பார்க்கும் திரை. மனத்திலே நினைத்ததற்காகக் கைது செய்யும் போலீஸ். இந்த ஆர்வெலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1903-ல் அவர் பிறந்தது பீஹாரிலுள்ள மோதிஹாரியில். சம்பாரண் குடியானவர்களுக்காகக் காந்தி மகான் 1917-ல் கோர்ட்டில் நின்றாரே, அதே மோதிஹாரிதான். அவருடைய தகப்பனார் அபினி இலாகா உத்தியோகஸ்தர். ஆர்வெலோ 1922 முதல் 1927 வரையில் பர்மாவில் போலீஸ் அதிகாரி. பர்மா அப்போது இந்தியாவின் ஒரு மாகாணமாயிருந்தது. மனிதனைக் கண்காணிக்கும் தொழிலைச் சம்பளம் வாங்கிச் செய்து பார்த்து, அது பிடிக்காமல் விலகி வந்த மனிதர் அந்த நாவலை எழுதினார்.

தமிழிலும் இந்த ஜாதிக் கதைக்குக் குறைவில்லை. சுஜாதாவின் "என் இனிய இயந்திரா" வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தபோது அதைப் படிப்பதற்கு வீட்டில் போட்டி நடந்தது பலருக்கு ஞாபகமிருக்கும். ஜீவா என்னும் தலைவரின் ஆட்சியில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். நிலா, சிபி என்று கேட்பதற்கு இனிமையாய்த்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை பெற்றுக் கொள்வதற்கும் சர்க்கார் அநுமதி வேண்டும்.

இந்தக் கதைகளைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடும்போது நமக்கு ஓர் ஆறுதல் உண்டாகிறது. "நல்ல வேளை! இது கற்பனை. அல்லது எங்கேயோ ருஷ்யாவில், ஜெர்மனியில் நடந்தது. நம் ஊரில் இப்படியெல்லாம் நடக்குமா?" என்று சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம். அந்த ஆறுதலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத விரும்புகிறோம். ஏனென்றால், ஸமியாதின் பெட்ரோகிராட் நகரத்தில் உட்கார்ந்து கண்ணாடி வீடுகளைக் கற்பனை செய்த அதே 1920-ல், மதுரைக்கு மேற்கே ஏறக்குறைய 25 மைல் தூரத்தில் அந்த ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. அங்கே சுவர் கண்ணாடியாக இருக்கவில்லை. மண் சுவர், கூரை வீடு. வித்தியாசம் அவ்வளவுதான்.

பிறவியே குற்றம்

மதுரையிலிருந்து நாகமலையை ஒட்டி மேற்கே சென்றால் செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி என்று ஊர்கள் வரும். எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்று அந்தச் சீமையைச் சொல்லுவார்கள். பிரமலைக் கள்ளர் என்னும் சமூகத்தாரின் பூமி. வானம் பார்த்த புஞ்சை நிலம். 1895-ல் பெரியாற்று அணை கட்டி மலைக்கு அப்பால் போன தண்ணீரை மதுரைப் பக்கம் திருப்பினார்கள். கீழ்ப்பக்கத்து வயல்கள் பச்சையாயின. உசிலம்பட்டிச் சீமையோ முன்போலவே மழையை எதிர்பார்த்துக் கொண்டிருந்தது.

இவர்களில் பலருக்கு மதுரைச் சமவெளியிலுள்ள ஊர்களைக் காவல் காக்கும் உரிமை தலைமுறை தலைமுறையாக இருந்தது. களத்திலே அறுவடையானதும் காவல்காரனுக்கு நெல் அளப்பார்கள். மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இதில் அக்கிரமம் நடந்ததுண்டா என்றால், உண்டு. களவும் நடந்தது, கொள்ளையும் நடந்தது. அதை மறைப்பதற்கில்லை. வெள்ளைக்கார சர்க்கார் தனக்கென்று போலீஸ் படை அமைத்த பிறகு, ஊருக்கு இரண்டு காவல் ஆகாது என்று நினைத்தது. பழைய காவல் உரிமை குற்றமாக மாறிற்று. பிழைப்புப் போயிற்று, நிலத்திலோ தண்ணீர் இல்லை.

களவு செய்தவனைப் பிடித்துத் தண்டிப்பதற்கு 1860-லேயே தண்டனைச் சட்டம் ஏற்பட்டிருந்தது. அதுவே போதாதா? போதாது என்று சர்க்கார் கருதிற்று. ஏனெனில் அந்தச் சட்டத்தின்படி ஒருவன் களவு செய்தான் என்று ருசுப்படுத்த வேண்டும்! அந்தச் சிரமத்தை ஒழிப்பதற்காக 1871-ல் வடக்கே ஒரு சட்டம் பிறந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று பின்னால் தமிழில் அதற்குப் பெயர் வந்தது. 1911-ல் அதை மேலும் இறுக்கி, சென்னை மாகாணத்திலும் அமல் செய்யும்படி ஆக்கினார்கள். 1914-ல் கீழக்குடிக் கள்ளர்மீது தொடங்கி, 1918-ல் பிரமலைக் கள்ளர் அனைவரையுமே அதன் கீழ்க் கொண்டுவந்தார்கள். 1924-ல் சட்டம் இன்னொரு முறை புதுப்பிக்கப்பட்டது.

சட்டத்தின் சூட்சுமம் என்னவென்று பார்ப்போம். ஒரு சமூகத்தாரைப் பற்றி, இவர்கள் வழக்கமாகக் குற்றம் செய்கிறவர்கள் என்று சர்க்கார் கெஜட்டில் ஓர் அறிக்கை போட்டால் போதும். அன்று முதல் அந்தச் சமூகத்தில் பிறந்தவன் பதிவு செய்துகொள்ள வேண்டியவன். அந்த அறிக்கை சரியா, தப்பா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதிவைத்து விட்டார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு உண்டு, வழக்குக் கிடையாது.

ஹக்ஸ்லியின் குடுவை நேயர்களுக்கு ஞாபகம் வருகிறதல்லவா? அவர் அதை எழுதுவதற்குப் பதினான்கு வருஷத்துக்கு முன்பே உசிலம்பட்டிச் சீமையில் குழந்தையின் விதி பிறப்பதற்கு முன்னால் தீர்மானமாகிவிட்டது. குடுவை தேவைப்படவில்லை, தகப்பன் பெயரே போதுமானதாயிருந்தது. இதோடு, ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைப்பதற்கும் சட்டத்தில் இடம் இருந்தது.

மையும் காகிதமும்

கதைகளிலே வரும் ராஜ்யங்கள் நம்மைக் கண்காணிக்க அதிசயமான யந்திரங்களையெல்லாம் வைத்திருக்கின்றன. பேசும் திரை, பறக்கும் கருவி, ஒட்டுக்கேட்கும் சுவர். நிஜமான சர்க்காருக்கு இவ்வளவு செலவு தேவைப்படவில்லை. ஒரு மைத் தட்டு, ஒரு புத்தகம், ஒரு சீட்டு. இவை மூன்றும் போதுமாயிருந்தன.

முதலாவது, கைரேகை. மனிதனை அடையாளம் காண விரல் ரேகையை உபயோகிக்கும் வித்தை நம் தேசத்திலே வளர்ந்தது. உலகத்தின் முதல் கைரேகைக் காரியாலயம் 1897-ல் கல்கத்தாவில்தான் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஸீஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரண்டு இந்தியர்களின் மூளை மிகுதியும் வேலை செய்தது. கீர்த்தி மட்டும் அவர்களுடைய மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியைச் சேர்ந்தது. குற்றம் செய்தவனைக் கண்டுபிடிப்பதற்காக உண்டான வித்தையை, குற்றம் செய்யாதவனைக் கணக்கெடுப்பதற்குத் திருப்பினார்கள். மதுரைச் சீமை ஜனங்கள் இந்தச் சட்டத்தின் இங்கிலீஷ் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. "ரேகைச் சட்டம்" என்றே சொன்னார்கள். இன்றும் அப்படியே சொல்லுகிறார்கள்.

இரண்டாவது, ஆஜர். ரேகை பதித்த ஆண்பிள்ளைகள் இரவிலே குறித்த நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனிலோ, சாவடியிலோ வந்து ஆஜர் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் அங்கேயே படுத்து எழுந்திருக்க வேண்டும். வீட்டில் பிரசவ வேதனையானாலும், காட்டிலே காய்ந்த பயிர் கிடந்தாலும், வயதான தாயார் மூச்சு வாங்கிக் கொண்டிருந்தாலும் சரிதான். கலியாணமான முதல் இரவிலே மாப்பிள்ளை புது வேஷ்டியுடன் சாவடிக்குப் போய்ப் படுத்ததை அந்த ஊர்களில் பாட்டிமார்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஸமியாதினுடைய ராஜ்யத்தில் சீட்டு வாங்கியாவது திரையை இறக்கலாம். இங்கே திரைக்குள்ளே படுக்கவே அநுமதி இல்லை.

மூன்றாவது, ராதாரிச் சீட்டு. அயலூரிலே தங்க வேண்டுமானால் இன்ன இடத்துக்கு, இன்ன காரியமாக, இன்ன நாள் வரையில் என்று எழுதிய சீட்டு வாங்க வேண்டும். போன ஊரிலே அதைக் காட்டி ஒப்பம் பெற வேண்டும். சந்தைக்குப் போகிறவனுக்கும், பெண் பார்க்கப் போகிறவனுக்கும், சாவுச் செய்தி கேட்டு ஓடுகிறவனுக்கும் இதுவே விதி. சீட்டை எழுதுகிற கை ஊரிலே எவ்வளவு பெரிய கையாகிவிடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவை எல்லாவற்றிற்கும் சிகரமாக ஒரு விதி இருந்தது. பதிவான ஒருவன், திருடப் போகிறான் என்று நினைப்பதற்கு இடமான நிலையில் எங்கேயாவது காணப்பட்டால், மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தி ஏற்படும் பட்சத்தில், மூன்று வருஷம் வரையில் சிறை. திருடியதற்கு அல்ல, திருடியிருக்கக்கூடும் என்பதற்கு! நினைப்பையே குற்றமாக்கிய போலீஸை ஆர்வெல் 1949-ல் எழுதியபோது மேல்நாட்டார் திடுக்கிட்டார்கள். மதுரை ஜில்லாவில் அதைப் படித்தவர் யாராவது இருந்திருந்தால் திடுக்கிட்டிருக்க மாட்டார்.

பெருங்காமநல்லூர்

1920-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி, சனிக்கிழமை. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து ஒரு வருஷம் நிறைவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. உசிலம்பட்டிக்குத் தெற்கேயுள்ள பெருங்காமநல்லூருக்கு ஆயுதப் போலீஸார் வந்து சேர்ந்தார்கள். ஊரார் ரேகை பதிக்க வேண்டும் என்பது உத்தரவு. ஊரார் மறுத்தார்கள்.

இந்த மறுப்பின் தன்மையை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் ராஜ்யத்தைக் கவிழ்ப்பதற்கு எழுந்தவர்கள் அல்லர். வரி கொடுக்க மாட்டோம் என்று சொன்னவர்களும் அல்லர். உழுது பயிரிட்டுக் கொண்டிருந்த ஒரு கிராமத்தார், செய்யாத குற்றத்துக்குக் கட்டை விரலை நீட்ட மாட்டோம் என்றார்கள். அவ்வளவுதான். வாய்ச் சண்டை கைச் சண்டையாயிற்று, துப்பாக்கிகள் வெடித்தன. 16 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பெண், பெயர் மாயக்காள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த அம்மாள் செய்த காரியம். உயிரோடு பிடிபட்டவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது.

அப்போது மதுரையில் ஜார்ஜ் ஜோசப் என்று ஒரு பாரிஸ்டர் இருந்தார். 1887-ல் செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர், லண்டனிலே சட்டம் படித்தவர், காங்கிரஸ் தொண்டர். ஜாதியாலும் மதத்தாலும் பாஷையாலும் அவருக்கும் கள்ளர் நாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர்களுக்காகக் கோர்ட்டிலே நின்று வாதாடினார். வெளியிலே அவர்கள் கட்சியை எடுத்துப் பேசினார். கோட்டிலே எப்போதும் ரோஜாப்பூ அணிந்திருப்பாராம். அதனால் ஜனங்கள் அவருக்கு "ரோசாப்பூ துரை" என்று பெயர் வைத்தார்கள். 1938-ல் அவர் மதுரையிலேயே காலமானார். சட்டத்தை அவரால் ஒழித்துவிட முடியவில்லை. பெருங்காமநல்லூருக்குப் பிறகும் அது 27 வருஷம் உயிரோடிருந்தது. ஆயினும் அந்தச் சீமையில் அவர் பெயரை இன்றும் மரியாதையுடன் சொல்லுகிறார்கள். வழக்கிலே ஜயித்த வக்கீல்கள் எத்தனையோ பேரை அவர்களுடைய கட்சிக்காரர்களே மறந்துவிடுகிறார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

நாவலாசிரியர்கள் சொல்லாத இரண்டு விஷயங்கள்

இந்த உண்மைக் கதையைக் கற்பனைக் கதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வித்தியாசங்கள் தென்படுகின்றன.

முதல் வித்தியாசம். நாவல்களிலே சர்க்கார் அநேகமாக எல்லோரையும் கண்காணிக்கிறது. ஆகையால் படிக்கிற நமக்கு, அப்படி ஓர் ஆட்சி வந்தால் உடனே தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. உசிலம்பட்டியில் ஆஜர்ப் புத்தகம் திறந்த அதே இரவுகளில் மதுரை நகரத்து மாசி வீதிகளில் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். "நல்ல காரியம்! திருட்டுப் பயம் ஒழிந்தது" என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கோயிலுக்குப் போனார்கள், தர்மம் செய்தார்கள், தேச பக்தியோடு கதரும் கட்டினார்கள். ஆனால் அவர்கள் சொன்ன "நாம்" என்னும் சொல்லுக்குள்ளே நாகமலைக்கு அப்பாலுள்ளவர்கள் சேரவில்லை. ஸமியாதினுடைய ராஜ்யத்தில் "நாம்" என்ற சொல் எல்லோரையும் விழுங்கிவிட்டது. நம் ஊரிலோ அந்தச் சொல் சிலரை வெளியிலே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டது. இரண்டில் எது அதிகக் கொடுமை என்பதை நேயர்களின் யோசனைக்கே விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது வித்தியாசம். நாவல்களிலே அதிகாரம் கொம்பு முளைத்த அரக்கனாக வருகிறது. நிஜத்தில் அது உபகாரியாகவும் வந்தது. துப்பாக்கிப் பிரயோகத்துக்குப் பிறகு "கள்ளர் சீரமைப்பு" என்று ஒரு திட்டம் உண்டாயிற்று. பள்ளிக்கூடங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பஞ்சாயத்துக்கள் எல்லாம் வந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களில் ஏறக்குறைய 300 பள்ளிகள் இந்தப் பெயருடனேயே வளர்ந்தன. அவற்றிலே படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் ஏராளம். இந்த நன்மையை இல்லையென்று சொல்லுவது நியாயமாகாது. ஆனால் பிள்ளைக்குப் பலகையும் பல்பமும் கொடுத்த சர்க்காரே, அவன் தகப்பனாரை இரவிலே சாவடிக்கு அழைத்தது. பள்ளிக்கூடம் வேண்டுமானால் ரேகையும் வைக்க வேண்டும் என்று யாரும் பேரம் பேச உரிமையில்லை. படிப்பு பிரஜையின் பாத்தியதை; அதைத் தண்டனைக்குத் துணையாகக் கட்டி அனுப்பியதுதான் பிசகு. அதிகாரம் இப்படி ஒரு கையில் மிட்டாயுடன் வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்வது, துப்பாக்கியுடன் வரும்போது கண்டுகொள்வதைவிட நூறு மடங்கு கஷ்டம்.

சட்டம் எப்படி ஒழிந்தது?

நாவல்களில் ஒற்றை மனிதன் எதிர்க்கிறான், கடைசியில் தோற்கிறான். டி-503 தோற்றான், ஆர்வெலுடைய கதாநாயகனும் தோற்றான். நம் ஊர்க் கதையின் முடிவு அப்படியல்ல. இங்கே ஒற்றை மனிதன் எதிர்க்கவில்லை. கிராமங்கள் மறுத்தன, வக்கீல் வாதாடினார். 1929-ல் இராமநாதபுரம் ஜில்லாவிலே மறவர் கிராமங்கள்மீதும் சட்டம் பாய்ந்தபோது, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று ரேகை வைக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார். மாநாடுகள் கூடின; தேசியக் கட்சிகளுக்குள்ளே வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. கடைசியில் 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரி சபையில் டாக்டர் சுப்பராயன் போலீஸ் இலாகாவை நிர்வகித்த காலத்தில், சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தாயிற்று. தேசம் முழுவதும் அது ஒழிந்தது 1952 ஆகஸ்டு 31-ல்.

ஒழிந்தது என்று சொன்னாலும் அதன் நிழல் ஒரே நாளில் மறையவில்லை. ஜாதியைப் பார்க்காமல் தனி மனிதனின் செய்கையைப் பார்க்க வேண்டும் என்று "வழக்கக் குற்றவாளிகள்" சட்டங்கள் வந்தன. எழுத்திலே அது பெரிய சீர்திருத்தம். நடப்பிலே பழைய புத்தகத்துப் பெயர்களே பல இடங்களில் புதிய புத்தகத்திலும் ஏறின. சிறைச்சாலை விதிகளில் ஒட்டிக்கொண்டிருந்த இந்தப் பழைய கறையைத் துடைக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2024 அக்டோபரில்! ஒரு கெட்ட சட்டத்தைப் போடுவதற்கு ஒரு கெஜட் போதும். எடுப்பதற்கு நூறு வருஷம் ஆகிறது.

மூன்று கேள்விகள்

இன்று ரேகை வைப்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன காரியம். ஆதாருக்கு வைத்தோம், ரேஷன் கடையில் வைக்கிறோம். ரேகையே பாவம் என்று சொல்லுவதற்கில்லை. ஏழையின் அரிசி வேறொருவன் கைக்குப் போகாமல் அது தடுக்குமானால் நல்லதே. அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மறு வருஷம் ஆதாரை அநுமதித்தபோதும் அதற்குச் சில எல்லைகளை வகுத்தார்கள். கைதிகளின் ரேகை முதலிய அடையாளங்களை எடுப்பதற்கு 1920-லே இயற்றிய சட்டத்துக்குப் பதிலாக 2022-ல் ஒரு புதுச் சட்டம் வந்தது. இப்போது கண்ணின் கருவிழி வரையில் கணக்கெடுக்கலாம்.

இவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதும் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதும் தப்பு. எந்தப் புது ஏற்பாடு வந்தாலும் வீட்டிலே மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் செய்த காரியத்துக்காக இது அவரைப் பற்றுகிறதா, அல்லது அவர் இன்னார் பிள்ளை என்பதற்காகப் பற்றுகிறதா? இது தப்பு என்று சொல்லிக் கோர்ட்டுக்குப் போக வழி இருக்கிறதா, இல்லையா? நம்மீது இதைச் சுமத்தினால் நாம் ஒப்புக்கொள்வோமா, அல்லது அடுத்த ஊரார்மீது சுமத்துவதனால்தான் நமக்கு இது நல்லதாகத் தோன்றுகிறதா? 1918-ல் மதுரை நகரத்தில் நூறு வீடுகளிலாவது மூன்றாவது கேள்வியை உரக்கக் கேட்டிருந்தால், 1920-ல் பதினாறு பேர் உயிர் பிழைத்திருக்கவும் கூடும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆர்வெலையும் ஹக்ஸ்லியையும் இங்கிலீஷிலே படிக்கிறார்கள், பரீட்சையும் எழுதுகிறார்கள். நன்றாகப் படிக்கட்டும். படித்து முடித்த பிறகு, அவர்களை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முறை அழைத்துக்கொண்டு போகலாம். பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 3-ஆம் தேதி ஜனங்கள் அங்கே கூடுகிறார்கள். மதுரையிலிருந்து பஸ்ஸிலே அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். போவதற்குச் சீட்டு வேண்டும். ஆனால் அது பஸ் கண்டக்டர் கொடுக்கும் சீட்டுத்தான்.